கம்மி விற்றமினும் வெளிறிய பிள்ளையும்: தவிர்க்க வேண்டிய பிழைகள்

கட்டாரிலிருந்து லீவில் வந்த தகப்பன் கொண்டுவந்ததோ, கனடாவிலிருந்து சின்னம்மா பார்சலில் போட்டுவிட்டதோ, திருகோணமலையில் பல வீடுகளின் அலுமாரிக்குள் ஒரு பெரிய போத்தல் இருக்கிறது. உள்ளே சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறத்தில் கரடிக்குட்டிகள். வாயில் போட்டால் ஜெலி டொபி. போத்தலில் எழுதியிருப்பது பிள்ளைகளுக்கான கம்மி விற்றமின். அதைத் தூக்கிக்கொண்டு பாமசிக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் மாறுவதில்லை, செய்துவிட்டு வரும் பிழைகளும் மாறுவதில்லை. இவற்றில் பாதி, கவுண்டருக்கு உள்பக்கம் நிற்பவர்களே தொழிலுக்கு வந்த புதிதில் விட்டவைதான். இப்போது பழக வரும் பிள்ளைகள் அதே பள்ளத்தில் அதே காலை வைப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதவேண்டி வந்தது.

போத்தலை உயரத்தில் வையுங்கள், மூடியை இறுக்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம்.

வெளிறிய பிள்ளைக்குக் கம்மி

"தம்பி, பிள்ளை வெளிறிப் போய்க் கிடக்கு. சத்துக்கு நல்ல கம்மி ஒண்டு தாங்க."

இதற்குப் பதிலாக ஒரு போத்தலை எடுத்து நீட்டிவிடலாம். விற்பவருக்கும் சுகம், வாங்குபவருக்கும் திருப்தி. இந்தத் தொழிலில் இன்றைக்கும் எரிச்சல் மூட்டும் பிழை இதுதான்.

வெளிறல் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரும்புக் குறைபாட்டால் வரும் குருதிச்சோகை. இப்போது கம்மிப் போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கள். விற்றமின் ஏ, சி, டி, ஈ, பி6, பி12, ஃபோலிக் அமிலம், அயடீன், சிங்க் என்று வரிசையாக இருக்கும். பெரும்பாலான போத்தல்களில் இரும்பு இருக்காது. காரணம் எளிது. இரும்பு சேர்ந்தால் வாயில் ஆணியைச் சப்பியது போன்ற சுவை வரும், ஜெலியின் நிறம் கறுக்கும், பக்கத்தில் இருக்கும் விற்றமின் சி போன்றவையும் சீக்கிரம் கெடும். அதோடு, இனிப்பு மாதிரி இருக்கும் பொருளுக்குள் இரும்பைப் போடுவதே ஆபத்து. பெயர்தான் கம்மி என்றால், இரும்பும் கம்மி. "இரும்பு உள்ளது" என்று போட்டு வரும் சில வகைகளிலும் சில மில்லிகிராம்தான் இருக்கும்.

குறைபாடு உறுதியான பிள்ளைக்கு வைத்தியர் எழுதும் அளவு வழக்கமாக நாளொன்றுக்கு உடல் நிறையில் கிலோவுக்கு 3 மி.கி. தனி இரும்பு (உப்பின் நிறையைச் சேர்க்காமல் இரும்பு மட்டும்). 12 கிலோ பிள்ளைக்கு அது 36 மி.கி. சப்பும் குளிசைகளில் சிலவற்றில் 10 முதல் 18 மி.கி. வரை இருக்கிறது, அது ஆரோக்கியமான பிள்ளையின் அன்றாடத் தேவைக்குச் சரி. 4 முதல் 8 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 10 மி.கி.தான் தேவை. ஆனால் ஏற்கெனவே வற்றிய கிணற்றை அந்த அளவால் நிரப்ப முடியாது.

கம்மி உடம்புக்குக் கெடுதல் செய்கிறது என்று இங்கே சொல்லவரவில்லை. அது தாயின் மனதை ஆற்றிவிடுகிறது, கெடுதல் அங்கேதான். "விற்றமின் குடுத்துக்கொண்டுதானே இருக்கிறம்" என்று கிளினிக் போவது இந்த மாதம், அடுத்த மாதம் எனத் தள்ளிப் போகும். மூன்று மாதம் கழித்து வரும்போது பிள்ளை இன்னும் வெளிறி, எதிலும் மனமில்லாமல், சில வேளை மண்ணையோ சுண்ணாம்பையோ அரிசியையோ தின்னும் நிலைக்கு வந்திருக்கும். மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு மூன்று வயதில் கிடைக்காமல் போன இரும்பின் பாதிப்பு, பிறகு கொடுத்தாலும் முழுமையாகத் தீராமல் போகலாம்.

அதனால் கையை அலுமாரிக்குக் கொண்டுபோக முன் கேட்கவேண்டியவை உண்டு. பால்மாப் பால் ஒரு நாளைக்கு எத்தனை போத்தல்? அரை லீற்றருக்கு மேலே போனால் சோற்றுக்கு வயிற்றில் இடமிருக்காது; பாலில் இரும்பும் மிகக் குறைவு, இருக்கும் இரும்பை உடல் உறிஞ்சுவதையும் அது குறைக்கும். சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுக்கிறார்களா? அதுவும் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சோற்றுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடச் சொல்லுங்கள். கடைசியாகப் பூச்சிக் குளிசை போட்டது எப்போது? கொக்கிப்புழு குடலில் இருந்துகொண்டு இரத்தம் குடித்தால் மேலே எதை ஊற்றினாலும் கீழே ஓடும்.

பிறகு இரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 2 முதல் 5 வயதுக்குள் 11க்குக் கீழே, 5 முதல் 11 வயதுக்குள் 11.5க்குக் கீழே (கிராம், டெசிலீற்றருக்கு) என்றால் குருதிச்சோகை. அதோடு நிறுத்திவிட்டு இரும்பு தொடங்கவும் கூடாது. இலங்கையில், பரம்பரையாக வரும் இரத்தக் கோளாறான தலசீமியாவின் கூறு உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைந்திருக்கும், செங்குருதிக் கலங்களும் சிறுத்திருக்கும். ஆனால் இரும்பு குறையாமலே இருக்கலாம். உடலில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிற்றின் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். காய்ச்சல், தடிமன் நேரத்தில் ஃபெரிற்றின் பொய்யாக ஏறிக்காட்டும் என்பதால் சுகமானபின் பார்ப்பது நல்லது. இதையெல்லாம் முடிவெடுப்பது வைத்தியர். "பரிசோதனை செய்துவிட்டு வாங்க" என்று சொல்வது கவுண்டரின் வேலை.

இரும்புப் பாணி எழுதிக் கொடுத்தபின் பழகுநர்கள் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. உப்பின் நிறை வேறு, தனி இரும்பின் நிறை வேறு. உலர்ந்த ஃபெரஸ் சல்பேற் 200 மி.கி. குளிசையில் தனி இரும்பு 65 மி.கி.தான். ஃபெரஸ் ஃபியூமரேற்றில் மூன்றில் ஒரு பங்கு. குளுக்கோனேற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு. போத்தலில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் மில்லிலீற்றரைக் கணக்குப் போட்டால் மூன்று மடங்கு கூடவோ குறையவோ போகும். ஃபெரஸ் வகைகள் வெறும் வயிற்றில் நன்றாக உறிஞ்சும். பொலிமோல்ற்றோஸ் என்ற இன்னொரு இரும்பு வகையைச் சாப்பாட்டோடு கொடுக்கவேண்டும். தேக்கரண்டியால் அளக்கவேண்டாம், ஊசியில்லாச் சிறிஞ்சால் அளந்து கன்னத்தின் உட்புறமாக விட்டால் பல்லும் கறுக்காது. மலம் கறுப்பாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் நாளே பயந்து நிறுத்திவிடுவார்கள். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராம் ஏறியிருக்கவேண்டும். ஏறாவிட்டால் மருந்து உள்ளே போகவில்லை, அல்லது காரணம் வேறு. ஏறினாலும் நிறுத்தக்கூடாது, அளவு சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும்.

சாப்பாட்டில் தேடுவதென்றால் இந்தக் கரையில் பஞ்சமில்லை. மட்டி, ஈரல், கீரி மீன். முருங்கை இலைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்தால் அந்த இரும்பு கூடுதலாக உடம்பில் சேரும்.

"டொபி" என்று பெயர் வைப்பது

பிள்ளையை மடக்க இலகுவான வழிதான். ஆனால் குளிசை என்றால் இனிப்பு என்று மூன்று வயதுப் பிள்ளைக்குப் பழக்கிவிட்டால், அது அடுத்ததாகத் தேடப்போவது தாய்க்குக் கர்ப்பக் கிளினிக்கில் கொடுத்த இரும்புக் குளிசையை. அதில் ஒன்றில் கிட்டத்தட்ட 60 மி.கி. தனி இரும்பு. கிலோவுக்கு 20 மி.கி.யிலேயே நஞ்சின் அறிகுறிகள் தொடங்கலாம், 60ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. 10 கிலோ பிள்ளை பத்துக் குளிசை விழுங்கினால் கணக்கை நீங்களே போடுங்கள். அமெரிக்காவில் சிறு பிள்ளைகள் இப்படி இறந்ததனால்தான் 1997இல் இரும்பு சேர்ந்த போத்தல்களில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமாக்கப்பட்டது.

இதில் ஏமாற்றும் கட்டம் ஒன்று உண்டு. முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தி, வயிற்றோட்டம், சில வேளை இரத்தம். அதன்பின் பிள்ளை தேறிவிட்டதுபோல் விளையாடத் தொடங்கும். அந்த அமைதியை நம்பி வீட்டில் வைத்திருந்தால் ஈரல் பழுதாகும், இரத்த அழுத்தம் விழும். வாந்தி எடுக்கவைக்கவேண்டாம். வயிற்றுக்குக் கொடுக்கும் கரி மருந்து இரும்பைப் பிடிக்காது. 1990க்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸில், வெறும் போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெயர் கேட்டால் "மருந்து" என்றே சொல்லுங்கள்.

ஒன்றுக்கு மேல் ஒன்று

காலையில் கம்மி, பின்னேரம் கொட்லிவர் ஒயில், இடையில் விற்றமின் சேர்த்த பால்மா. மூன்றிலும் விற்றமின் ஏ. தண்ணீரில் கரையும் பி, சி வகைகள் கூடினால் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். ஏ ஈரலில் தங்கும். 1 முதல் 3 வயதுப் பிள்ளைக்கு நாளாந்த உச்ச வரம்பு 600 மைக்ரோகிராம், 4 முதல் 8 வயதுக்கு 900. கொட்லிவர் ஒயிலில் ஒரு தேக்கரண்டியே ஆயிரத்தைத் தாண்டும் வகைகள் இருக்கின்றன. அதற்கு மேல் கம்மியையும் தினமும் மாதக்கணக்கில் கொடுத்தால் தலையிடி, வாந்தி, தோல் உரிதல், எலும்பு நோவு என்று வரும். யாரும் விற்றமினைச் சந்தேகிக்கமாட்டார்கள்.

போத்தலில் விற்றமின் ஏக்கு நேரே "ரெற்றினைல் பால்மிற்றேற்", "ரெற்றினைல் அசற்றேற்" என்று இருந்தால் கணக்கில் சேருங்கள். "பீற்றா கரோற்றீன்" என்று இருந்தால் அந்தப் பயம் இல்லை, கூடினால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான். அலகையும் பாருங்கள்: விற்றமின் ஏ (ரெற்றினோல்) என்றால் 1 மைக்ரோகிராம் 3.33 ஐ.யூ. (சர்வதேச அலகு). விற்றமின் டி என்றால் 1 மைக்ரோகிராம் 40 ஐ.யூ. இரண்டையும் குழப்பாதீர்கள். மீன் எண்ணெய் என்று விற்கும் ஒமேகா 3 வேறு, கொட்லிவர் வேறு. கிளினிக்கில் விற்றமின் ஏ கொடுத்திருந்தால், திரிபோஷாச் சத்துமா கிடைக்கிறதென்றால், பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தபின் பேசுங்கள்.

வெளிநாட்டுப் போத்தலை வாசிப்பது

அமெரிக்கப் போத்தலில் 05/08 என்றால் மே 8. லண்டன் போத்தலில் ஓகஸ்ட் 5. மூன்று மாத வித்தியாசம்.

"ஒரு பரிமாறல்" என்பது பல போத்தல்களில் இரண்டு கம்மி, சிலவற்றில் மூன்று. அட்டவணையில் உள்ள எண்கள் அந்த இரண்டுக்கோ மூன்றுக்கோ உரியவை. அட்டவணையின் நூற்றுவீதமும் சில போத்தல்களில் 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும், வளர்ந்தவர்களுக்கும் சேர்த்துப் போட்டது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தாது.

கச்சான் காற்றில் உருகினது

கச்சான் காற்றுக் காலத்தில் பகல் வெப்பம் 35 பாகையைத் தொடும்போது ஜெலற்றினால் செய்த கம்மி இளகி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பழத்திலிருந்து எடுக்கும் பெக்ரினில் செய்தவை தாங்கும். கட்டியைக் கத்தியால் வெட்டிக் கொடுக்கிறவர்கள் உண்டு. எத்தனை கம்மி ஒரு துண்டுக்குள் போனது என்று யாருக்குத் தெரியும்? வீசுங்கள். நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் வரும்போது யன்னலோரம் வெயில் படும் பையில் வைத்தாலே போதும், இந்தக் கதிதான்.

குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துத் திறந்து மூடினால் உள்ளே ஈரம் படியும். விற்றமின் சியும் பி1உம் ஈரத்தில் சீக்கிரம் கெடும். அடுப்புக்கும் யன்னலுக்கும் தள்ளி, காய்ந்த அலுமாரி நல்லது. உள்ளே இருக்கும் சிலிக்கா பொட்டலத்தை எறியவேண்டாம்.

நான்கு வயதுக்குக் கீழே

கம்மி வேண்டாம், தொண்டையில் சிக்கும். சொட்டு மருந்து அல்லது பாணி.

படுக்கைக்கு முன்

பல்லில் ஒட்டிக்கொள்ளும். சாப்பாட்டுக்குப் பிறகு, பல் துலக்க முன்.

சீனி இல்லாதது

சீனிக்குப் பதிலாகச் சோபிற்றோல், மோல்ற்றிற்றோல் சேர்ந்தது. நாலு தின்றால் வயிற்றோட்டம் வரலாம்.

"பிள்ளை சாப்பிடுதில்லை"

விற்றமின் பசியைத் தூண்டாது. பசிக்கென்று விற்கும் பாணிகள் சிலவற்றில் சைப்ரோஹெப்ரடீன் இருக்கும். அது ஒவ்வாமைக்கான மருந்து, பிள்ளை தூங்கி வழியும். வைத்தியர் எழுதாமல் கொடுக்கவேண்டாம்.

500 மி.கி. விற்றமின் சி

தடிமன் என்றதும் பெரியவர்களுக்கான சப்பும் குளிசையைப் பாதியாக உடைத்து, பிறகு பாதி போதாது என்று முழுதாகவும் கொடுப்பது. 1 முதல் 3 வயதுக்கு உச்ச வரம்பு 400 மி.கி., 4 முதல் 8 வயதுக்கு 650. மேலே போனால் வயிற்றுநோவும் வயிற்றோட்டமும் வரும். அந்தப் புளிப்பு பல்லின் எனாமலையும் அரிக்கும், அதனால் சப்பி முடிந்ததும் வாயைத் தண்ணீரால் அலசச் சொல்லுங்கள். உடனே பல் துலக்கினால் இளகியிருக்கும் எனாமல் தேயும். அரை மணித்தியாலம் பொறுக்கலாம்.

ஜெலற்றின் எதிலிருந்து

கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிறவர்கள் இதைக் கேட்பார்கள், சைவச் சாப்பாட்டுக்காரரும் கேட்பார்கள். "தெரியாது, எல்லாம் ஒண்டுதான்" என்று சொல்லாதீர்கள். ஜெலற்றின் பன்றியிலிருந்தும் மாட்டிலிருந்தும் மீனிலிருந்தும் எடுக்கப்படுகிறது. எது என்று எழுதாமல் வெறுமனே ஜெலற்றின் என்று இருந்தால் எதுவாகவும் இருக்கலாம். பெக்ரின் என்று இருந்தால் அது பழத்திலிருந்து, பெரும்பாலும் தோடம்பழ வகைத் தோலிலிருந்தோ அப்பிளிலிருந்தோ. அப்போதும் முழுப் பட்டியலையும் வாசிக்கவேண்டும்: சிவப்பு நிறத்துக்குக் காமைன் சேர்த்திருந்தால் அது பூச்சியிலிருந்து எடுப்பது, விற்றமின் டி3 பெரும்பாலும் ஆட்டு உரோமத்தின் மெழுகிலிருந்து வருவது. வாசித்துக் காட்டிவிட்டு, முடிவை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.