பழைய காரில் வயரிங் தகராறா? முதலில் எர்த்தைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாதிரி கடற்கரை ஊரில் இருபது வருஷம் ஓடிய கார் என்றால், எஞ்சின் திடீர் திடீரென்று தடுமாறும்போது சென்சார், இக்னிஷன் காயில் என்று காசைக் கொட்டுவதற்கு முன்னால் எர்த் வயரை, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனையை எஞ்சினோடும் பாடியோடும் இணைக்கிற வயரைப் பாருங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சித்தப்பாவின் காரில் கழற்றிப் பார்த்தோம். மேலே உறை நன்றாகத்தான் இருந்தது, முனையை வெட்டினால் உள்ளே செம்பு பச்சையாகப் பூத்து நாலைந்து இழைதான் மிச்சம். உப்புக்காற்று செய்கிற வேலை. மீட்டரில் ஓம் (மின்தடை) அளந்தால் இது சிக்காது, மீட்டருக்கு ஓர் இழையே போதும். மின்சாரம் அதிகமாக ஓடும்போதுதான் குறை தெரியும்.

அதனால் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் அழுத்திக்கொண்டு, யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சுமார் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 0.5ஐத் தாண்டினால் அந்த இணைப்பைக் கழற்றி உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து மாட்டுங்கள், வயரே அரித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

எர்த் நன்றாக இருக்கிறதா? அப்புறம் எஞ்சினை ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஐடிலில் விட்டு வயர்க் கட்டைச் சாண் சாணாக லேசாக அசையுங்கள், எங்கே சத்தம் மாறுகிறதோ அங்கேதான் கோளாறு. எக்ஸாஸ்ட் பக்கம் போகிற வயர்தான் சூட்டில் முதலில் மொறுமொறுவென்று வெடிக்கும். ஃபேன், பெல்ட், பிளக் வயர் பக்கம் கை போக வேண்டாம்.