சாமுராய் வாளை எங்கே நின்று பார்ப்பது? உவேனோ அருங்காட்சியகத்தில் ஒரு நாள்

டோக்கியோவின் உவேனோ பூங்காவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு முதல்முறை போனபோது, வாள்கள் இருந்த அறையை நான்கே நிமிடத்தில் கடந்துவிட்டேன். எல்லாம் ஒன்றுபோல வளைந்த இரும்பாகவே தெரிந்தன. ஒரு முதியவர் மட்டும் ஒரே வாளுக்கு முன்னால் குனிவதும் நிமிர்வதுமாக இருந்தார். முதுகுவலியாக்கும் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்தேன். அவர்தான் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அடுத்த முறைதான் புரிந்தது. முதல்முறை போகிறவர்கள் என்னைப்போல் ஏமாற வேண்டாம் என்றுதான் இந்தச் செய்முறை.

படி 1: கிளம்பும் முன்

வழக்கமான விடுமுறை திங்கட்கிழமை. திங்கள் அரசு விடுமுறையாக வந்தால் அன்று திறந்துவிட்டு அடுத்த நாள் மூடுவார்கள். கதவு திறப்பது காலை 9.30. உவேனோ ரயில் நிலையத்தில் பூங்கா வாயில் வழியாக வெளியே வந்தால் பத்து நிமிட நடை. குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டுபோங்கள். பேனாவைக் கண்டால் காவலர்கள் முகம் சுளிப்பார்கள்.

வளாகத்தில் பல கட்டடங்கள் உண்டு. நமக்கு வேண்டியது 1938இல் திறந்த, ஓட்டுக்கூரை போட்ட ஹொன்கான் மட்டும். மற்றவற்றுக்கு இன்னொரு நாள் வாருங்கள். கவசங்களைக் கோத்திருக்கும் பட்டுக்கயிறு வெளிச்சத்தில் வெளிறிவிடும் என்பதால் அவற்றை அவ்வப்போது மாற்றி வைப்பார்கள். படத்தில் பார்த்த அதே கவசம் அன்று பேழையில் இல்லாவிட்டால் மனம் உடைய வேண்டாம்.

படி 2: வாளுக்கு முன் கவசம்

எல்லாரும் வாளைத் தேடித்தான் ஓடுகிறார்கள். நீங்கள் முதலில் மாடிக்குப் போய்க் கவசங்களைப் பாருங்கள். சாமுராய் என்றால் வாள்வீரன் என்று நாம் நினைத்திருப்பது அங்கே உடையும். தொடக்க காலச் சாமுராய் குதிரைமேல் இருந்து அம்பு எய்பவன். ‘ஓ-யொரோய்’ என்ற பழைய கவசமே அதற்குச் சாட்சி. தோள்களில் பலகைபோல் தொங்கும் இரண்டு பெரிய தகடுகளைப் பாருங்கள். வில்லைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், கேடயம் பிடிக்கக் கை ஏது? அதனால் கேடயத்தைத் தோளில் தொங்கவிட்டார்கள். மார்பின் குறுக்கே வழவழப்பான தோல் போர்த்தியிருப்பது நாண் தகடுகளில் சிக்காமல் இருக்க. அரக்குப் பூசிய இரும்பு, தோல் துண்டுகளைக் கயிற்றால் வரிவரியாகக் கோத்த இந்தக் கவசம் ஏறத்தாழ 30 கிலோ. குதிரை சுமக்கும்வரை சரி, இறங்கி நடந்தால் பாடுதான்.

பிறகு, பிற்காலத்துக் கவசம் ஒன்றின் முன் நில்லுங்கள். 1543இல் தனேகாஷிமா தீவுக்குப் போர்ச்சுகீசியர் வழியாகத் துப்பாக்கி வந்தது. கோத்த துண்டுகள் போய்ப் பெரிய இரும்புத் தகடுகள் உடலை ஒட்டி வந்தன. சில கவசங்களின் மார்பில் சிறு குழி தெரியும். சுட்டுச் சோதித்த தடம் அது. தலைக்கவசங்களில் கொம்பு, சிப்பி, முயல்காது என்று என்னென்னவோ முளைத்திருக்கும். இரும்புத் தொப்பிக்கு மேலே மரம், காகிதம், அரக்கு கொண்டு செய்தவை பல, பார்ப்பதற்குத்தான் பாரம். மீசை வைத்த முகக்கவசத்தின் தாடைக்கு அடியில் ஒரு துளையைத் தேடுங்கள். வியர்வை வடிய வைத்தது. எனக்கு அங்கே மிகவும் பிடித்த பொருள் அந்தத் துளைதான்.

படி 3: வாள்

கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். கூர்ப்பக்கம் கீழ்நோக்கி இருந்தால் அது ‘தாச்சி’, குதிரைவீரன் இடுப்பில் தொங்கவிட்டது. மேல்நோக்கி இருந்தால் ‘கத்தானா’, இடைக்கச்சையில் செருகியது. உருவும் வீச்சிலேயே வெட்டலாம்.

இரண்டே வாள்களைத் தேர்ந்தெடுங்கள். முதலில் நாலடி தள்ளி நின்று வளைவைப் பாருங்கள். அடுத்து நெருங்கி வந்து, விளக்கின் ஒளி வாளின் உடல்மேல் விழும் இடத்தைப் பிடியுங்கள். முழங்காலை மெல்ல மடக்கி, மெல்ல நிமிருங்கள். கூர்விளிம்பை ஒட்டி மேகம்போல ஒரு வெண்மையான கோடு நகரும். அதற்கு ‘ஹமொன்’ என்று பெயர். முதுகுப் பக்கம் கனமாகவும் விளிம்பில் மெலிதாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறார்கள். விளிம்பு சட்டென்று ஆறிக் கடினமாகிறது. முதுகு மெதுவாக ஆறுவதால் முறியாத உறுதி பெறுகிறது. இரண்டுக்கும் இடையிலான எல்லைதான் அந்தக் கோடு. வாள் பின்புறமாக வளைவதும் பெரும்பாலும் அந்தத் தண்ணீருக்குள்தான்.

கண் பழகியபின் கோட்டுக்கு மேலே பாருங்கள், மர ரேகைபோல ஒரு நெளிவு தெரியும். எஃகை மடித்து மடித்து அடித்ததால் வந்தது. பத்து முறை மடித்தாலே ஆயிரம் அடுக்குக்கு மேல்.

‘மிக்காஸுகி முனேச்சிக்கா’ என்ற புகழ்பெற்ற வாள் காட்சியில் இருந்தால் கூட்டம் நெரியும். ஹமொனை ஒட்டிப் பிறைநிலாக்கள் தெரிவதால் வந்த பெயர். வரிசையில் நிற்கலாம், தப்பில்லை.

படி 4: விளக்கப் பலகையில் காலத்தைப் பாருங்கள்

ஜப்பான் வரலாற்றில் ‘எதோ’ (Edo) எனப்படும் காலம் 1603 முதல் 1868 வரை. 1615இல் ஒசாகா கோட்டை வீழ்ந்தபின் பெரும்பாலும் அமைதிதான். மினுமினுக்கும் கவசத்தின் விளக்கப் பலகையில் ‘எதோ’ காலம் என்று இருந்தால், அது ஊர்வலம் மட்டும் பார்த்ததாக இருக்கலாம். 1876இல் பொது இடத்தில் வாள் அணிவதற்கே தடை வந்தது.

படி 5: மறுபடியும்

மதியம் வெளியே போய்ப் பூங்கா பெஞ்சில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நுழைவுச்சீட்டு மறு அனுமதிக்குச் செல்லுமா என்று வெளியே போகும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மூடுவதற்கு அரைமணி இருக்கும்போது கூட்டம் குறையும். காலையில் பார்த்த அதே வாளிடம் போய்க் குனிந்து நிமிருங்கள். பக்கத்தில் வேறு யாராவது முழங்காலை மடக்கினால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். ஒளி சரியாக விழும் இடம் ஒன்றுதான்.