பழைய 2360 சான்றிதழ்தான் கையில் இருக்கிறதா? கோல்டு கார்டு வாங்கும் வழி இது

பிரிட்டனில் இருபது, இருபத்தைந்து வருடமாக வயரிங் வேலை செய்கிறவர்கள் பலர் இப்போது வந்து மாட்டிக்கொள்ளும் இடம் இது. புது சைட்டுக்குப் போகிறோம், வாசலில் எலக்ட்ரீஷியன் தகுதியைக் காட்டும் ஈசிஎஸ் கோல்டு கார்டு கேட்கிறார்கள், நாம் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்த, சிட்டி அண்ட் கில்ட்ஸ் என்ற தேர்வு அமைப்பு கொடுத்த 2360 வயரிங் சான்றிதழை எடுத்து நீட்டுகிறோம், "இதெல்லாம் இப்போ எடுக்கிறதில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு அண்ணனுக்கு இது நடந்த அன்று, அவர் வேனில் ஏறி உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசவே இல்லை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் வாசலில் நிற்கிறவரிடம் வாதாடி ஒன்றும் ஆகாது, அதனால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. உங்கள் 2360 ரத்தாகவில்லை, நீங்கள் தேறியது தேறியதுதான். ஆனால் அது வகுப்பிலும் பட்டறையிலும் படித்த பாடத்துக்கான சான்றிதழ். சைட்டில் நீங்கள் தனியாக நின்று ஒரு வேலையை ஒழுங்காக முடிப்பீர்களா என்று யாரும் வந்து பார்த்து எழுதிக் கொடுத்ததல்ல. ஈசிஎஸ் கோல்டு கார்டுக்கு இன்று கேட்பது இதைத்தான்: லெவல் 3 என்விகியூ (சைட்டில் செய்யும் வேலையைப் பார்த்து மதிப்பிட்டுத் தரும் தகுதி), ஏஎம்2 செய்முறைத் தேர்வு, அப்புறம் நடப்பில் இருக்கும் வயரிங் விதிகளுக்கான சான்றிதழ். 2360 இதில் ஒரு பகுதியைத்தான் நிரப்புகிறது.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் வீட்டு அலமாரியைக் குடையுங்கள். முறையான அப்ரண்டிஸாக இருந்து அந்தக் காலத்திலேயே ஏஎம்2 எழுதியவர்கள் சிலர் அதையே மறந்துவிட்டிருப்பார்கள். அப்ரண்டிஸ் பத்திரம், பழைய ஏஎம்2, என்விகியூ என்று எது கிடைத்தாலும் ஈசிஎஸ் அலுவலகத்துக்கு அனுப்பிக் கேளுங்கள், உங்கள் பாதை பாதியாகச் சுருங்கலாம். சான்றிதழ் தொலைந்திருந்தால் சிட்டி அண்ட் கில்ட்ஸிடம் கட்டணம் கட்டி மாற்றுப் பிரதி வாங்கலாம். ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்குக் கார்டு கொடுக்கும் அமைப்பு வேறு, அங்கே எஸ்ஜேஐபியிடம் கேட்க வேண்டும்.

எதுவும் கிடைக்கவில்லை என்றால், நம்மைப் போன்றவர்களுக்கென்றே வைத்திருக்கும் வழி எக்ஸ்பீரியன்ஸ்டு வொர்க்கர் அசெஸ்மென்ட், அதாவது அனுபவசாலிகளுக்கான மதிப்பீடு, சுருக்கமாக ஈடபிள்யூஏ. பயிற்சிக் காலத்தைக் கழித்துவிட்டு, எலக்ட்ரீஷியனாகவே குறைந்தது 5 வருடம் வேலை செய்திருக்க வேண்டும். இதை விட்டுவிட்டு "ஐந்து நாளில் முழுத் தகுதி" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போகாதீர்கள், அந்தக் கோர்ஸ்களால் கோல்டு கார்டு வராது. இன்னொரு குழப்பமும் உண்டு. வீட்டு மின்வேலைக்கான கட்டட விதியான பார்ட் பி-க்காக (Part P) என்ஐசிஇஐசி, நாபிட் போன்ற பதிவு அமைப்புகளில் பதிந்திருக்கிறேனே என்பார்கள். அது தொழில் நடத்துவதற்கான பதிவு, கார்டு ஆளின் தகுதிக்கு. ஒன்று இருந்தால் மற்றது தானாக வராது.

ஈடபிள்யூஏவில் முதல் படி ஸ்கில்ஸ் ஸ்கேன் என்கிற படிவம். எந்தெந்த வேலை தெரியும், எவ்வளவு செய்திருக்கிறீர்கள் என்று நீங்களே நிரப்ப வேண்டும். இங்கே கௌரவம் பார்த்து எல்லாவற்றுக்கும் "தெரியும்" என்று போடாதீர்கள். வீட்டு வேலை மட்டுமே செய்தவர்களுக்கு ட்வின் அண்ட் எர்த் கேபிள் கண்ணை மூடிக்கொண்டு வரும், ஆனால் காண்டியூட் குழாய் வளைப்பது, கேபிளைத் தாங்கும் டிரங்கிங், டிரே, ஆர்மர்டு கேபிள் கிளாண்ட் போடுவது, த்ரீ ஃபேஸ் எல்லாம் கை தொட்டு வருடக்கணக்காகியிருக்கும். அந்த ஓட்டை படிவத்திலேயே தெரிந்தால் நல்லது, தேர்வு அறையில் தெரிந்தால் கஷ்டம். தெரியாததை ஒத்துக்கொண்டு, அந்த வேலை நடக்கும் சைட்டில் தெரிந்த ஒருவரோடு சில வாரம் போய் நில்லுங்கள்.

அடுத்தது போர்ட்ஃபோலியோ. அனுபவசாலிகள் அதிகம் திணறுவது இங்கேதான், வேலை தெரியாமல் அல்ல, செய்த வேலைக்குச் சாட்சி வைக்காமல். இன்றே ஆரம்பிக்கலாம், பதிவு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சர்க்யூட் போடுகிறீர்கள் என்று வையுங்கள். சுவர் திறந்திருக்கும்போதே கேபிள் போகும் பாதையை ஒரு படம் எடுங்கள், போர்டில் லாக் மாட்டியிருப்பதை ஒன்று, மீட்டரில் அளவு தெரிய ஒன்று, முடிந்த வேலையை ஒன்று. சிலவற்றில் நீங்களும் தெரிய வேண்டும், வெறும் சாக்கெட்டின் படம் யாருடையது என்று எப்படித் தெரியும்? அதோடு அந்த வேலைக்கான ரிஸ்க் அசெஸ்மென்ட், வரைபடம், டெஸ்ட் ஷீட், சான்றிதழின் நகல் எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். பத்து வேலையின் அரைகுறைப் படங்களைவிட, தொடக்கம் முதல் சான்றிதழ்வரை முழுதாகக் காட்டும் இரண்டு மூன்று வேலை மேல். மதிப்பீட்டாளர் சைட்டுக்கே வந்து நீங்கள் வேலை செய்வதைப் பார்ப்பார், பேசியும் பார்ப்பார். ஏன் இந்த அளவு கேபிள், ஏன் இந்த பிரேக்கர் என்று கேட்டால் "எப்பவும் இப்படித்தான் போடுவேன்" என்பது பதிலாகாது. காரணம் சொல்லிப் பழகுங்கள்.

விதிகளுக்கான பரீட்சை 60 கேள்வி, 2 மணி நேரம், வயரிங் விதிகள் அடங்கிய பிஎஸ் 7671 புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம். திறந்து வைக்கலாம் என்பதாலேயே ஏமாந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள், ஏனென்றால் ஒரு கேள்விக்கு 2 நிமிடம்தான், பின்னட்டவணையில் தேடத் தெரியாவிட்டால் நேரம் பறந்துவிடும். நம் தலைமுறைக்கு இன்னொரு ஆபத்து, மனப்பாடமாக இருக்கும் பழைய எண்கள். 32 ஆம்பியர் டைப் பி பிரேக்கருக்கு அதிகபட்ச இசட்எஸ் (எர்த் பழுதின்போது மின்னோட்டம் சுற்றிவரும் பாதையின் தடை) 1.44 ஓம் என்று உங்கள் வாயில் வந்தால் நீங்கள் பழைய புத்தகத்தில் நிற்கிறீர்கள். 2015 திருத்தத்துக்குப் பிறகு அது 1.37. மின்கசிவு ஏற்பட்டால் சர்க்யூட்டைத் துண்டிக்கும் ஆர்சிடியை, அதில் குறித்திருப்பதைப் போல ஐந்து மடங்கு மின்னோட்டத்தில் 40 மில்லி செகண்டுக்குச் சோதித்துப் பழகியிருப்போம், 2022 திருத்தம் கேட்பது ஒரு மடங்கில் ஒரே சோதனை, சாதாரண வகைக்கு 300 மில்லி செகண்டுக்குள். எண்களை மறுபடியும் முதலிலிருந்து சரிபாருங்கள்.

கடைசியாக ஏஎம்2ஈ. ஏஎம்2 செய்முறைத் தேர்வின் அனுபவசாலிகளுக்கான வடிவம், அதற்கென்று உள்ள மையத்தில் நாள்கணக்கில் நடக்கும். வயரிங், டெஸ்டிங், பழுது கண்டுபிடிப்பது, கணினியில் கேள்வி பதில் எல்லாம் உண்டு. இதில் சேஃப் ஐசொலேஷன், அதாவது வேலைக்கு முன் கரண்டைப் பாதுகாப்பாகத் துண்டிப்பதைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கை பழகியவர்கள் படிகளைத் தாண்டுவது இங்கேதான். நாம் சைட்டில் பிரேக்கரை இறக்கிவிட்டு டெஸ்டரை ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குகிறோம். அங்கே அப்படிச் செய்தால் அந்தப் பகுதி போச்சு. சர்க்யூட் இதுதானா என்று உறுதி செய்து, அனுமதி கேட்டு, அணைத்து, லாக் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, எச்சரிக்கைப் பலகை மாட்டி, டெஸ்டர் வேலை செய்கிறதா என்று ப்ரூவிங் யூனிட் என்ற கருவியில் சோதித்து, பிறகு டெஸ்டரால் கம்பிகளைத் தொட்டுப் பார்த்து, மறுபடியும் டெஸ்டரை ப்ரூவிங் யூனிட்டில் சோதிக்க வேண்டும். சிங்கிள் ஃபேஸில் டெஸ்டரால் 3 தடவை தொட வேண்டும்: லைன் நியூட்ரல், லைன் எர்த், நியூட்ரல் எர்த். நியூட்ரலோடு வரும் த்ரீ ஃபேஸில் 10 தடவை. அந்தப் பத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்து பாருங்கள், முதல் தடவை ஒன்றிரண்டு நிச்சயம் விடுபடும். அந்த அண்ணன் வீட்டு மேசையில் ஐந்து துண்டு கம்பியை ஒட்டி வைத்து இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் இதைச் செய்தார்.

டெஸ்டிங்கில் வரிசை மாறக்கூடாது. கரண்ட் இல்லாத சோதனைகள் முதலில்: எர்த் தொடர்ச்சி, ரிங் சர்க்யூட், இன்சுலேஷன், போலாரிட்டி. பிறகுதான் லைவ் சோதனைகள். அளவை எடுத்தவுடனே ஷீட்டில் எழுதுங்கள், ஞாபகத்தில் வைத்துக் கடைசியில் எழுதலாம் என்று விடாதீர்கள்.

எல்லாம் முடிந்து கார்டு வரும்வரை வேலை நிற்க வேண்டுமே என்ற கவலை இருக்கும். ஈடபிள்யூஏவில் பதிவு செய்தவர்களுக்கென்று தனி ஈசிஎஸ் கார்டு உண்டு, அதற்கு விண்ணப்பியுங்கள். சுகாதாரப் பாதுகாப்புத் தேர்வு எந்தக் கார்டுக்கும் தேவைப்படும், அதை முதல் மாதத்திலேயே எழுதி முடித்துவிடலாம். நீங்கள் வேலை செய்யும் சைட் அந்தக் கார்டை ஏற்குமா என்று மட்டும் முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், வாசல்வரை போய்த் திரும்ப வேண்டாம்.