குழந்தைகளோடு கபினி சஃபாரி: பெங்களூரிலிருந்து திட்டமிடுவது எப்படி?

ஏப்ரல் பிறந்தால் பெங்களூர்த் தமிழ் வீடுகளில் ஒரே பேச்சுதான். லீவுக்கு நாம் ஊருக்குப் போவதா, தாத்தா பாட்டியை இங்கே வரச் சொல்வதா? வேலூரிலும் மதுரையிலும் வெயில் கொளுத்துகிற நாட்களில் இரண்டாவது யோசனைதான் ஜெயிக்கும். வந்தவர்களுக்கு லால்பாக், கப்பன் பார்க் எல்லாம் காட்டி முடித்ததும் யாராவது ஒருவர் "காட்டுக்குப் போகலாமா?" என்று ஆரம்பிப்பார்கள்.

மைசூருவைத் தாண்டி இருக்கும் கபினிக் காட்டுக்கு முதல் தடவை பிள்ளைகளோடு போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கணக்கு எளிமையானது. பிள்ளையின் தூக்கம், பசி, பாத்ரூம் இந்த மூன்றையும் வைத்துத் திட்டம் போடுங்கள். புலியை வைத்துப் போடாதீர்கள், அது யாருடைய நேரத்துக்கும் வராது.

படி 1: பன்னேருகட்டாவில் ஒரு ஒத்திகை

வீட்டில் நான்கைந்து வயதுப் பிள்ளை இருந்தால் எடுத்த எடுப்பில் கபினிக்குப் பணம் கட்ட வேண்டாம். ஒரு நாள் பன்னேருகட்டா உயிரியல் பூங்காவுக்குப் போய் வாருங்கள். மெஜஸ்டிக்கிலிருந்து 365 பஸ் போகிறது. செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். அங்கே சிங்கமும் புலியும் கரடியும் வேலி போட்ட பரப்புக்குள் இருப்பதால் அநேகமாக எல்லாமே கண்ணில் படும். நீங்கள் பிள்ளையைக் கவனியுங்கள். வண்டியில் எவ்வளவு நேரம் நச்சரிக்காமல் உட்கார்கிறது? விலங்கு பக்கத்தில் வந்தால் பயந்து அழுகிறதா, குஷியில் கத்துகிறதா? முக்கால் மணி நேரத்திலேயே "வீட்டுக்குப் போலாம்" என்றால் கபினியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: நாம் போகப்போகும் காட்டில் சிங்கம் கிடையாது. இந்தியாவில் காட்டுச் சிங்கம் குஜராத்தின் கிர் பகுதியில்தான். கார்ட்டூன் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஒட்டகச்சிவிங்கியையும் வரிக்குதிரையையும்கூட எதிர்பார்த்து வரும்.

படி 2: எந்தக் காடு?

பெங்களூரிலிருந்து காரில் போய்வரக்கூடிய காடுகளில் மூன்றைச் சொல்கிறேன்: கபினி, பந்திப்பூர், பி.ஆர். ஹில்ஸில் (பிலிகிரிரங்கா மலை) உள்ள கே. குடி. பிள்ளைகளோடு போவதென்றால் என் ஓட்டு கபினிக்கு. அது நாகரஹொளே தேசியப் பூங்காவின் தெற்கு ஓரம். கபினி அணையின் நீர்ப்பரப்பு ஒரு பக்கம் நாகரஹொளேயையும் மறுபக்கம் பந்திப்பூரையும் பிரிக்கிறது. தண்ணீர் இருப்பதால் அங்கே ஜீப்போடு படகு சஃபாரியும் உண்டு. படகில் குலுக்கல் இல்லை, புழுதி இல்லை. முட்டிவலி உள்ள பாட்டிக்கும் அதுதான் வசதி. கரையில் யானை, மணல்திட்டில் முதலை, காய்ந்த மரத்தின் உச்சியில் நீர்க்காகம் என்று ஏதாவது தென்பட்டுக்கொண்டே இருக்கும்.

பந்திப்பூரும் சளைத்ததல்ல. 1973இல் புலிகள் திட்டம் தொடங்கியபோது முதலில் சேர்க்கப்பட்ட ஒன்பது காப்பகங்களில் அதுவும் ஒன்று. 2022 கணக்கெடுப்பில் அங்கே 150 புலிகள், நாகரஹொளேயில் 141. ஆனால் பந்திப்பூரில் சஃபாரி முழுக்க வண்டியில்தான். உண்ணிச்செடிப் புதர் மண்டிய இடங்களில் பத்தடி தள்ளி நிற்கும் மானே தெரியாது. பெரியவர்களுக்குப் பொறுமை உண்டு, பிள்ளைகளுக்கு எங்கே இருக்கிறது?

கே. குடி அமைதியான இடம். விலங்குகள் கொஞ்சம் குறைவாகவே கண்ணில் படும். பத்து வயதைத் தாண்டிய, புத்தகமும் பறவையும் பிடிக்கிற பிள்ளைக்குச் சரி.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சஃபாரி நடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். 2025 நவம்பரில் புலி தாக்கி ஊர்மக்கள் இறந்ததால் பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் சஃபாரியை அரசு நிறுத்தியது. காட்டுத்தீ, கனமழை என்று வேறு காரணங்களாலும் சில நாட்கள் மூடுவார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா என்பதைக் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: எந்த மாதம்?

பள்ளி லீவும் காடும் ஒத்துப்போகிற மாதங்கள் ஏப்ரல், மே. வெயில் ஏற ஏற அணைத்தண்ணீர் இறங்கும், வெளியே வந்த கரையில் பச்சைப்புல் முளைக்கும், அதைத் தேடி இரண்டு பக்கத்துக் காட்டிலிருந்தும் யானைகள் இறங்கி வரும். ஆசிய யானைகள் இவ்வளவு பெரிய கூட்டமாகச் சேரும் இடங்கள் உலகிலேயே குறைவு. மத்தியானம் அனல் அடிக்கும்தான், ஆனால் அப்போது நீங்கள் அறையில் இருப்பீர்கள்.

டிசம்பர், ஜனவரியில் காடு பசுமையாக இருக்கும், திறந்த ஜீப்பில் விடிகாலைக் குளிர் பல்லைக் கிட்டவைக்கும். தசரா வாரம் மட்டும் வேண்டாம். மைசூரு முழுக்கக் கூட்டம், ரோடும் நகராது, அறையும் கிடைக்காது.

படி 4: புக்கிங்

கபினியில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனத்துக்கு ஒரு விடுதி இருக்கிறது. தனியார் ரிசார்ட்டுகளும் நிறைய. தனியாரில் தங்கினாலும் உங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போவது பெரும்பாலும் ஜங்கிள் லாட்ஜஸ் வண்டிதான். அதனால் நீச்சல்குளம் வேண்டும் என்றால் மட்டும் கூடுதல் பணம் கொடுங்கள். கூடுதல் பணத்துக்குக் கூடுதல் புலி கிடையாது. காட்டுக்குள் எந்தப் பகுதிக்கு அனுப்புவார்கள் என்பதும் நம் கையில் இல்லை.

கட்டணம் பெரும்பாலும் அறைக்கு அல்ல, ஆளுக்கு. சாப்பாடும், சாயங்காலம் ஒன்று, மறுநாள் காலை ஒன்று என இரண்டு சஃபாரியும் அதில் சேர்ந்திருக்கும். பெரிய லென்ஸ் கேமராவுக்குத் தனிக் கட்டணம். போனில் பேசும்போது இவற்றைக் கேளுங்கள், பதிலை மெசேஜிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்:

- ஜீப்பில் எத்தனை வயதிலிருந்து ஏற்றுவீர்கள்? படகில்?
- சின்னப் பிள்ளைக்குத் தனி சீட் உண்டா, மடியில்தானா?
- ஒரு சஃபாரி படகு, ஒன்று ஜீப் என்று கொடுக்க முடியுமா?
- காரமில்லாத சாப்பாடு, தயிர்சாதம், பால் கிடைக்குமா?

வயது விதி இடத்துக்கு இடம் மாறும். வாசலில் வைத்து "குட்டிப்பாப்பாவுக்கு அனுமதி இல்லை" என்றால் அம்மா அப்பாவில் ஒருவர் அறையிலேயே இருக்க வேண்டியதுதான். தாத்தா பாட்டி கூட வந்தால் இந்தச் சிக்கல் தானாகத் தீரும், ஆளுக்கொரு சஃபாரி மாற்றி மாற்றிப் போகலாம்.

படி 5: ரோடு

சாயங்கால சஃபாரி மூன்று மூன்றரைக்குக் கிளம்பும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அதற்கு முன் பிள்ளை ஒரு மணி நேரமாவது தூங்க வேண்டும், அதற்கு முன் சாப்பிட வேண்டும், அப்படியானால் பன்னிரண்டரைக்குள் போய்ச் சேர வேண்டும். தூரம் சுமார் 220 கிலோமீட்டர். நடுவில் நிறுத்தங்களையும் சேர்த்து ஆறு மணிக்குப் பெங்களூரை விட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

மைசூரு வரை எக்ஸ்பிரஸ்வே. அதில் ஏறிவிட்டால் டிபனுக்கு ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கும் என்பதால் முதல் பசிக்கு இட்லியைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள். பெட்ரோலும் ஏடிஎம்மும் மைசூருவிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஹெச்.டி. கோட்டை தாண்டினால் செல்போன் சிக்னல் வரும் போகும். ரிசார்ட்டுக்கு வழியை முன்பே டவுன்லோட் செய்து வையுங்கள்.

பந்திப்பூர் வழியாக ஊட்டிக்கோ வயநாட்டுக்கோ அப்படியே நீட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள், இரவு 9 முதல் காலை 6 வரை அந்தக் காட்டுச்சாலைகள் மூடியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். இந்தத் தடை 2009 முதல் இருக்கிறது.

படி 6: பையில் என்ன?

பச்சை, காக்கி, பழுப்பு நிற முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேன்ட், சாக்ஸ். புல்லில் உண்ணி இருக்கும், சாயங்காலம் குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னாலும் முட்டிக்குப் பின்னாலும் பார்த்துவிடுங்கள். கயிறு கட்டிய தொப்பி, புழுதிக்கு ஒரு பருத்தித் துண்டு, வாந்தி மாத்திரை.

ஒன்றே ஒன்றுக்குச் செலவு செய்யலாம்: பிள்ளைக்கென்று ஒரு சின்னப் பைனாகுலர். பொம்மைக்கடைப் பிளாஸ்டிக் வேண்டாம், அதில் எதுவும் தெரியாது. ஒரு வாரம் முன்பே கையில் கொடுத்து, மொட்டைமாடியில் பருந்தையும் எதிர்வீட்டுப் புறாவையும் பார்க்கப் பழக்குங்கள். காட்டுக்குள் போய் முதல் தடவையாக ஃபோகஸ் செய்யக் கற்றுக்கொடுத்தால் யானை போயே போய்விடும்.

படி 7: வண்டிக்குள்

இரண்டரை, மூன்று மணி நேரம் கீழே இறங்க முடியாது. ஒன்றுக்கு வந்தாலும் முடியாது. ஆகவே ஏறும் முன், "வரலைம்மா" என்று சொன்னாலும் பாத்ரூமுக்குக் கூட்டிப்போங்கள். பாலை ஒரு மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள், வண்டியில் தண்ணீர் ஒரு வாய் ஒரு வாயாக. மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு, பழக்கம் விட்டுப்போயிருந்தாலும் அன்று ஒரு டயப்பர் போட்டுவிடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. விடிகாலை சஃபாரிக்குக் கிளம்பும்போது விடுதியில் டீ, பிஸ்கட்தான் கிடைக்கும், டிபன் திரும்பி வந்த பிறகு. அதனால் முந்தின இரவே வாழைப்பழமும் ஒரு சப்பாத்தியும் எடுத்து வையுங்கள். வண்டி ஏறும் முன்பே ஊட்டிவிடுங்கள், காட்டுக்குள் பொட்டலம் பிரிக்க வேண்டாம்.

கை, தலை, செல்போன் எதுவும் வெளியே நீளக்கூடாது. பிள்ளையை ஓரத்தில் உட்கார வைக்காமல் இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் வையுங்கள். டிரைவரும், கூட வந்து காட்டை விளக்கும் இயற்கையாளரும் கன்னடத்தில் பேசிக்கொள்வார்கள், பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.

நடுவில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுவார்கள். ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். பிள்ளைகள் நெளிவது அப்போதுதான். இங்கேதான் உங்களுக்கு வேலை. காதில் மெதுவாகச் சொல்லுங்கள்: "குரங்கு என்ன சொல்லுதுன்னு கேளு." மரத்தின் மேலே மந்தி, கீழே புள்ளிமான் என்று சேர்ந்து மேய்வதைக் காட்டுங்கள். மந்தி தின்றது போக உதிரும் தழையும் காயும் மானுக்கு. மேலேயிருந்து புலியைப் பார்த்துவிட்டால் மந்தி போடும் கரகரத்த சத்தம் மானுக்கு எச்சரிக்கை. மான் வாலைத் தூக்கி, முன்காலைத் தரையில் தட்டிக் கூவ ஆரம்பித்தால் இயற்கையாளர் எழுந்து நிற்பார், டிரைவர் "ஹுலி, ஹுலி" என்று கிசுகிசுப்பார். புலி வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஐந்து நிமிஷம் ஒரு பிள்ளையும் அசையாது.

யானைக் கூட்டம் வந்தால் ஒரு விளையாட்டு. தந்தம் உள்ளது எது என்று தேடச் சொல்லுங்கள், அது ஆண். தந்தமே இல்லாத ஆணும் உண்டு, மக்னா என்பார்கள். கூட்டத்தை நடத்துவது வயதான பெண்யானை. குட்டியைக் கால்களுக்கு நடுவில் விட்டுக்கொண்டு, காதை விரித்துத் தும்பிக்கையை நம் பக்கம் தூக்கி மோப்பம் பிடித்தால் டிரைவர் வண்டியைப் பின்னால் எடுப்பார். அப்போது "இன்னும் கொஞ்சம் கிட்டே போங்க" என்று கேட்காதீர்கள். இதைச் சொல்ல வேண்டியது பிள்ளைகளிடம் அல்ல, அப்பாக்களிடம்.

படி 8: திரும்பும் நாள்

காலை சஃபாரி, டிபன், அறையைக் காலி செய்வது எல்லாம் பத்தரைக்குள் முடிந்துவிடும். வழியில் மைசூரு மிருகக்காட்சிசாலையையும் பார்த்துவிடலாம் என்று சிலர் சேர்த்துக்கொள்வார்கள். விடிகாலை ஐந்துக்கு எழுந்த பிள்ளையை மத்தியான வெயிலில் நடக்கவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே அடைத்துவைத்த விலங்கைப் பார்த்தால், காட்டில் தூரத்தில் பார்த்த யானை சின்னதாகிவிடும். காரில் தூங்கவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் நான்கு மணிக்குள் கெங்கேரியைத் தாண்டப் பாருங்கள், பொழுது சாய்ந்தால் ஊரே திரும்பிக்கொண்டிருக்கும். திங்கள் பள்ளி இருந்தால், யூனிஃபார்மை வெள்ளிக்கிழமையே இஸ்திரி போட்டு மாட்டிவிட்டுக் கிளம்புங்கள்.