நச்சுப் பரிசோதனைக்குச் சிப்பி மாதிரி எடுக்கும் முறை

ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே ஆழத்தில், ஏறக்குறைய ஒரே அளவுள்ள உயிர்ச் சிப்பிகளை எடுங்கள்; இடம் மாறினால் முந்தைய முடிவோடு ஒப்பிட முடியாது. சதை மட்டும் 100–150 கிராம் வேண்டும். ஓட்டின் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் கழுவி, மூடுதசையை (இரு ஓடுகளையும் இழுத்து மூடும் தசை) அறுத்துத் திறந்து, உள்ளிருக்கும் மணலை அலசி, சல்லடையில் 5 நிமிடம் வடியவிடுங்கள். திறப்பதற்குச் சுடுநீர் கூடவே கூடாது. சாற்றோடு நச்சும் கசிந்து, அளவு குறைவாகக் காட்டும். அவசரத்தில் பலரும் சறுக்குவது இங்கேதான்.

உலோகங்களைப் பரிசோதிக்கத் தனி மாதிரி, அமிலத்தில் அலசிய பிளாஸ்டிக் பாத்திரம். பூச்சிக்கொல்லி போன்ற கரிம மாசுகளுக்குக் கண்ணாடி.

பாசியிலிருந்து சிப்பிக்கு வரும் நச்சுகளுக்குக் கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வரம்பு, கிலோ சதைக்கு: சாக்சிடாக்சின் 0.8 மில்லிகிராம், ஒகடாயிக் அமிலம் 0.16, டோமோயிக் அமிலம் 20. தாண்டினால் அறுவடையை உடனே நிறுத்துங்கள்; வேகவைத்தாலும் இந்த நச்சுகள் அழியாது. நச்சுப்பாசி பெருகிக் கடல் சிவக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், தெளிந்த நீரிலும் அது இருக்கும்.