பழைய ஸ்கூட்டருக்குப் பந்தயச் சைலன்சர் பொருத்துவது எப்படி? ஏற்காடு ஏறப்போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

சேத்தக், எல்எம்எல் வெஸ்பா, லாம்பி, விஜய் சூப்பர் என்று பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் ஒன்றைத் தூசி தட்டி ஓட்டத் தொடங்கியவர்கள் அடுத்துக் கைவைப்பது பெரும்பாலும் சைலன்சரில்தான். இத்தாலியில் அந்தக் காலத்தில் செய்த சீட்டோ பிளஸ், சிமோனினி, லாம்பிரெட்டாவுக்கான ஆன்சிலோட்டி கிளப்மேன் போன்றவற்றில் ஒன்று எப்படியோ கைக்கு வந்துவிடும். இல்லையென்றால் அவற்றைப் பார்த்துச் செய்த நகல் வரும். அதைப் பொருத்திவிட்டு அடிவாரத்திலிருந்து ஒரே மூச்சில் மலை ஏற வேண்டும் என்பது ஆசை. ஆசை தவறில்லை. ஆனால் இந்த வேலையில் போல்ட் முடுக்குவது கால்பங்குதான். மீதி முக்கால்பங்கு, முடுக்குவதற்கு முன்பும் பின்பும் இருக்கிறது.

முதலில், இந்தக் குழாய் என்ன செய்கிறது?

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் வாயும், புதிய பெட்ரோல் கலவை உள்ளே வரும் வாயும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். அந்த இடைவெளியில் புதிய கலவையில் ஒரு பகுதி எரியாமலே வெளியே ஓடிவிடும். வயிறு பெருத்த பந்தயக் குழாய் இதைத்தான் தடுக்கிறது. புகை போகும்போது ஒரு அழுத்த அலையும் கூடவே போகிறது. குழாய் விரியும் இடத்தில் அந்த அலை உறிஞ்சும் அலையாகத் திரும்பி, சிலிண்டரைக் காலி செய்ய உதவுகிறது. குழாய் மீண்டும் குறுகும் இடத்தில் அது தள்ளும் அலையாகத் திரும்பி, தப்பி ஓடிய கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே அடைக்கிறது. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் இதைக் கணக்குப் போட்டுச் செம்மைப்படுத்தினார். அவருடைய பந்தய வீரர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் மேற்கே தப்பிப்போய் சுசூகியில் சேர்ந்ததும் அந்த வித்தை ஜப்பானுக்குப் போனது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அலை சரியான நேரத்துக்குத் திரும்பிவருவது குறிப்பிட்ட எஞ்சின் வேகத்தில் மட்டும்தான். அதற்குக் கீழே வண்டி பழைய சைலன்சரில் இருந்ததைவிடச் சோம்பலாகத்தான் இருக்கும். ஏற்காட்டுப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வேகம் விழும், கியர் இறங்கும், பின்னால் உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்து இழுக்க வேண்டும். அப்போது தேவைப்படுவது அடிமட்ட இழுவை. ஆகவே மலைப்பாதைக்காகப் பொருத்துகிறீர்கள் என்றால் சீட்டோ பிளஸ் போன்ற பெட்டி வடிவச் சைலன்சர்தான் என் தேர்வு. பார்க்க ஏறக்குறைய கம்பெனி சைலன்சர் போலவே இருக்கும், சத்தமும் அடக்கம், இழுவையும் கெடாது. வயிறு பெருத்த குழாய், எஞ்சினையும் மாற்றியமைத்தவர்களுக்கு. 145 சிசி சேத்தக்கில் வேறு எதையும் தொடாமல் அதை மட்டும் மாட்டினால் கூடுவது பெரும்பாலும் சத்தம்தான்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய குழாயைக் கையில் எடுத்துக் குலுக்குங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் தடுப்புத் தகடு கழன்றிருக்கிறது. ஒரு வாயைத் துணியால் இறுக அடைத்து, தையல் ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தடவி, மறுவாயில் ஊதுங்கள். குமிழி வரும் இடம் ஓட்டை. அடியில் சிறு நெளிவு இருந்தால் பரவாயில்லை. விரியும் கூம்பிலோ குறுகும் கூம்பிலோ பெரிய அமுக்கம் இருந்தால் வேண்டாம்.

உள்ளே கரி கட்டியிருக்கும். பழைய மெக்கானிக்குகள் சைலன்சரைத் தீயில் போட்டுச் சுட்டுக் கரி எடுப்பார்கள். அதில் மேல்பூச்சும் போய்விடும், மெல்லிய தகடும் இளகும். காஸ்டிக் சோடா கரைசலை ஊற்றி ஓர் இரவு ஊறவைத்துக் கழுவுவதே நல்லது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாகம் எதிலும் அந்தக் கரைசல் பட்டுவிடக் கூடாது.

பழையதைக் கழற்றுதல்

வண்டி நன்றாக ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் டேப்பை மூடுங்கள். வெஸ்பா வகைகளில் (சேத்தக், எல்எம்எல்) சைலன்சர் இரண்டே இடங்களில் பிடித்திருக்கும்: சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வாயில் ஒரு கிளாம்ப், எஞ்சின் கேஸின் அடியில் ஒரு பெரிய போல்ட். லாம்பிரெட்டா வகைகளில் (லாம்பி, விஜய் சூப்பர்) சிலிண்டரில் கிளாம்புக்குப் பதிலாக, நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஸ்டட்டில் உட்காரும் ஃபிளாஞ்சும் (துளையிட்ட விளிம்புத் தகடு) நடுவில் கேஸ்கெட்டும் இருக்கும்.

பத்து, இருபது வருடத் துருவை ஒரே இழுப்பில் வெல்ல நினைக்காதீர்கள். முந்தைய நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயைத் தடவிவிட்டு, காலையில் மீண்டும் ஒரு முறை தடவுங்கள். பிறகு நட்டைக் கொஞ்சம் முடுக்கி, கொஞ்சம் தளர்த்தி, இப்படி முன்னும் பின்னுமாக நகர்த்துங்கள். கிளாம்ப் போல்ட் உடைந்தால் கவலையில்லை, புதிது போட்டுக்கொள்ளலாம். எஞ்சின் கேஸில் உள்ள மரை போனால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். குழாய் வாயோடு ஒட்டிக்கொண்டிருந்தால் மரச் சுத்தியால் இடமும் வலமுமாகத் தட்டி, திருகியபடியே இறக்குங்கள். இரும்புச் சுத்தி வேண்டாம்.

வெளியே வந்ததும் எக்ஸாஸ்ட் வாயைச் சுற்றியுள்ள கரியைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்குங்கள். சுரண்டும்போது பிஸ்டன் அந்தத் துளையை மூடியிருக்குமாறு கிக்கரை மெதுவாக நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். கரித்துண்டு உள்ளே விழாது.

பொருத்திப் பார்த்தல்: இங்கே அவசரம் கூடாது

மோட்டார் சைக்கிளில் பழகியவர்கள் தடுமாறும் இடம் இது. வெஸ்பாவிலும் லாம்பிரெட்டாவிலும் எஞ்சின் சேசிஸில் அசையாமல் உட்கார்ந்திருப்பதில்லை. பின்சக்கரத்தோடு சேர்ந்து எஞ்சினே மேலும் கீழும் ஆடும். எனவே சைலன்சரின் எல்லாப் பிடிமானமும் எஞ்சினில் மட்டுமே இருக்க வேண்டும். குழாயின் வால் தொங்குகிறதே என்று பாடியில் ஒரு பட்டை வெல்டிங் வைத்துப் பிடித்துவிட்டால், ஒவ்வொரு பள்ளத்திலும் எஞ்சின் ஒரு பக்கமும் பட்டை ஒரு பக்கமும் இழுக்கும். முதலில் வெல்டிங் விரியும். அது தாங்கினால் எக்ஸாஸ்ட் வாய் விரியும்.

எதையும் முடுக்காமல் குழாயை வாயில் செருகுங்கள். கிளாம்பைத் தளர்வாக விடுங்கள். இப்போது பிராக்கெட் துளையும் எஞ்சின் கேஸ் துளையும் நேருக்கு நேர் வருகின்றனவா? நகல் குழாய்களில் பெரும்பாலும் வராது. நான்கைந்து மில்லிமீட்டர் விலகி நிற்கும். போல்ட்டைப் போட்டு இழுத்தால் வந்துவிடும் போலத் தோன்றும். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய ஸ்கூட்டர்களோடு தலை நரைத்த ஒரு மெக்கானிக், இப்படி இழுக்கப்போன பையனின் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டு, "தம்பி, போல்ட் பிடிக்கத்தான். இழுக்க இல்லை" என்றார். இழுத்துப் பிடித்த குழாய் சூடேறி நீளும்போது அந்த முறுக்கம் முழுவதும் அலுமினியக் கேஸின் மீதுதான் இறங்கும்.

இடைவெளி நேராக இருந்தால் தடித்த வாஷர்களை அடுக்கி நிரப்புங்கள். துளையே தள்ளியிருந்தால் நீள்துளையாக அரத்தால் ராவலாம். அதற்கும் அடங்கவில்லையென்றால் புதுப் பிராக்கெட்தான். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை இரண்டு இடங்களுக்கும் நடுவே பிடித்து, துளைகளைப் பென்சிலால் குறித்து, வளைய வேண்டிய இடத்தில் மடித்து, அதே அளவில் வெட்டி வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். வாயால் சொல்வதைவிட அட்டை தெளிவாகச் சொல்லும். மூன்று மில்லிமீட்டர் சாதாரண இரும்புத் தகடு போதும். சேலம் உருக்காலை இருக்கும் ஊர் என்பதால் ஸ்டெயின்லெஸ் துண்டு எளிதாகக் கிடைக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் இரும்புக் குழாயோடு அதை இணைக்க வேறு வகை வெல்டிங் ராடு வேண்டும். சாதாரண ராடில் ஒட்டினால் விரிசல் விடும். குழாயைக் கழற்றி எடுத்துப்போய்த்தான் வெல்டிங் வைக்க வேண்டும். வண்டியில் மாட்டியபடியே வைத்தால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாயும், எலக்ட்ரானிக் இக்னிஷன் இருந்தால் அதுவும் போகும்.

துளைகள் சேர்ந்ததும் சுற்றிலும் பாருங்கள். டயருக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு விரல் தாராளமாகப் போக வேண்டும். பிரேக் கேபிளும் கியர் கேபிள்களும் குழாயைத் தொடக் கூடாது. ஸ்டாண்டை ஏற்றி இறக்குங்கள். ஸ்டெப்னி இடப்பக்கப் பெட்டிக்குள் இருக்கும் மாடலானால் அதையும் மாட்டிப் பாருங்கள். சில குழாய்கள் அந்த இடத்தையே கேட்கும். பிறகு கனமான நண்பர் ஒருவரைப் பின்னால் உட்காரவைத்து, எஞ்சின் மேலே ஏறும்போது குழாய் பாடியில் இடிக்கிறதா என்று கீழே குனிந்து பாருங்கள். கிளப்மேன் வகை தாழ்வாக ஓடுவதால், வளைவில் சாயும்போது தரையில் உரசும் வாய்ப்பு உண்டு.

குழாய் மாட்டியிருக்கும் நிலையிலேயே பின்சக்கரத்தைக் கழற்ற முடிகிறதா என்றும் ஒரு முறை செய்து பாருங்கள். முடியாவிட்டால் குழாயைக் கழற்றும் ஸ்பேனர் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். பத்தாவது வளைவில் பஞ்சர் ஆகும்போது இந்த ஆராய்ச்சியைத் தொடங்க முடியாது.

முடுக்குதல்

வாயில் சூடு தாங்கும் சைலன்சர் பேஸ்ட்டை மெல்லியதாகத் தடவுங்கள். லாம்பிரெட்டா வகையானால் புதுக் கேஸ்கெட். கிளாம்பைப் பாதி, பிராக்கெட்டைப் பாதி, மறுபடி கிளாம்பை முழுதாக, பிராக்கெட்டை முழுதாக. ஸ்பிரிங் வாஷர் இல்லாமல் எந்த நட்டும் போகக் கூடாது. ஸ்பிரிங் போட்டுப் பிடிக்கும் குழாயானால், ஸ்பிரிங் அறுந்தாலும் சாலையில் விழாதபடி அதனுள் மெல்லிய கம்பி ஒன்றைக் கோத்து முறுக்கிவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்து, வால் துளையைத் தடித்த ஈரத்துணியால் ஒரு நொடி அரைகுறையாக மூடுங்கள். இணைப்பில் புஸ் என்று சத்தம் வந்தால் கசிவு. எஞ்சின் சூடாகி, முழுவதும் ஆறியபின் எல்லாவற்றையும் இன்னொரு முறை முடுக்குங்கள். கட்டாயம் கொஞ்சம் இளகியிருக்கும்.

ஜெட்: எஞ்சினைக் காப்பாற்றும் பகுதி

புகை தாராளமாக வெளியேறினால் காற்றும் அதிகம் உள்ளே வரும். பெட்ரோல் பழைய அளவிலேயே இருந்தால் கலவை வறண்டு, சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையுள்ள மெயின் ஜெட்டை மாற்றாமல் நெடுந்தூரம் போகாதீர்கள். 98 எண் ஜெட் இருந்தால் 105இல் தொடங்கிப் படிப்படியாக இறங்குங்கள். கீழிருந்து மேலே போகாதீர்கள். கலவை கொழுத்தால், அதாவது பெட்ரோல் மிகுந்தால், பிளக் கருக்கும், அவ்வளவுதான். வறண்டால் பிஸ்டன் போகும்.

சமவெளியில் போக்குவரத்து இல்லாத நேராகச் செல்லும் சாலையில், டாப் கியரில் முழு ஆக்சிலேட்டரில் சிறிது தூரம் ஓட்டி, அதே நிலையில் கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து ஓரம் கட்டுங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிக்கொட்டை நிறம் என்றால் சரி. வெள்ளையாக இருந்தால் உடனே பெரிய ஜெட். கறுத்து ஈரமாக இருந்தால் ஓர் எண் இறங்கலாம்.

இந்தச் சோதனையைச் சேலத்தில்தான் செய்ய வேண்டும், ஏற்காட்டில் அல்ல. நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். மேலே காற்று பத்து சதவீதத்துக்கும் மேல் மெலிந்திருப்பதால் கலவை தானாகவே கொழுக்கும், வண்டி கொஞ்சம் திணறும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் நிறுத்தி, திணறல் போகச் சின்ன ஜெட் போட்டுவிட்டு அப்படியே கீழே இறங்கினால், வெயில் தகிக்கும் சமவெளியில் கலவை வறண்டுவிடும்.

இறக்கத்தில் இன்னொன்று. பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் வண்டியில், ஆக்சிலேட்டரை மூடியபடி கியரில் இறங்கினால் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆயில் மட்டும் போகாது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்பாக ஒரு முறை ஆக்சிலேட்டரைச் சற்றுத் திறந்து மூடுங்கள்.

சத்தமும் சட்டமும்

1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. சத்த வரம்பு மீறினால், 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. உள்தடுப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டுவதில் வேகமும் அதிகரிக்காது. மலையில் காட்டெருமை சாலைக்கு வரும். அதை மிரளவைப்பதில் என்ன பெருமை இருக்கிறது?

கழற்றிய பழைய சைலன்சரைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். கரி எடுத்து, உள்ளேயும் வெளியேயும் எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிப் பரணில் வையுங்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது அதை மாட்டிக்கொண்டு போவதே தொல்லையில்லாத வழி.