லேஸை அவிழ்க்காமலே மாட்டிக் கழற்றும் ஷூ: வீட்டிலேயே செய்துகொள்ளும் முறை

கொங்கு நாட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஷூவைக் கழற்றுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டு வாசலில், பேரூர் கோயிலில், மருதமலையில், பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே, நோம்பிக்குப் போன சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில். ஒவ்வொரு முறையும் குனிந்து முடிச்சை அவிழ்த்துக் கட்டப் பொறுமை இருக்காது. முடிச்சோடவே காலைத் திணித்து, குதிப்பக்கத்தை மிதித்து மடக்கிவிடுகிறோம். நல்ல ஷூ செருப்பாகிப் போவது இப்படித்தான். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் மாசமான பெண்களுக்கும் குனிவதே பெரும்பாடு.

லேஸ் ஷூவின் தோற்றம் மாறாமல் அதை அப்படியே காலில் நுழைக்கும்படி செய்ய முடியும். ஷூ இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்தாக வேண்டும்: கால் நுழையும்போது வாய் விரிய வேண்டும், நடக்கும்போது இறுகப் பிடிக்க வேண்டும். எவ்வளவு விரிய வேண்டும் என்பதை அளக்காமல், ஏதோ ஒரு எலாஸ்டிக்கை வாங்கிக் கோத்துவிடுவதால்தான் பெரும்பாலான முயற்சிகள் கெடுகின்றன.

முதல் படி: ஷூவைத் தேர்ந்தெடுப்பது

லேஸ் துளைகள் இருக்கும் இரண்டு மடல்களையும் பாருங்கள். அடியிலிருந்தே தனித்தனியாகப் பிரிந்து, நாக்கின் (லேஸுக்கு அடியில் பாதத்தின் மேல் கிடக்கும் பட்டை) மேல் கதவுபோலத் திறந்தால் அது டெர்பி வகை. பள்ளிக்கூடத்துக் கறுப்பு ஷூக்கள் பெரும்பாலும் இந்த வகைதான். மடல்களின் அடிப்பகுதி முன்தோலுக்குக் கீழே போய் மூடித் தைக்கப்பட்டிருந்தால் ஆக்ஸ்ஃபோர்டு. அதன் வாய் மேலே மட்டும் கொஞ்சம் விரியும், அதனால் இந்த வேலைக்கு ஆகாது. டெர்பி அல்லது கேன்வாஸ் ஷூவை எடுத்துக்கொள்ளுங்கள்.

எளிதாக நுழையட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடாதீர்கள். நடக்கையில் குதி கழன்றுகொண்டே இருக்கும், அதை எந்த எலாஸ்டிக்கும் சரிசெய்யாது.

ஃபவுண்டரியிலும் பம்ப்செட் கம்பெனியிலும் போடும் பாதுகாப்பு ஷூவில் கை வைக்கவே கூடாது. ஐ.எஸ். 15298 (பாதுகாப்பு ஷூவுக்கான இந்தியத் தரம்) முத்திரை உள்ள ஷூவைப் பிரித்துத் தைத்தால், எந்தப் பாதுகாப்புக்காகச் சோதித்து முத்திரை கொடுத்தார்களோ அந்தப் பாதுகாப்புக்கு உறுதி இல்லாமல் போய்விடும்.

இரண்டாம் படி: இடைவெளியை அளப்பது

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். பொழுதுக்கும் நின்று நடந்த கால் சாயங்காலம் சற்று வீங்கியிருக்கும், அப்போதுதான் அளக்க வேண்டும். வழக்கமாகப் போடும் சாக்ஸும் காலில் இருக்கட்டும்.

முதலில் பழைய லேஸை நடப்பதற்கு ஏற்ற இறுக்கத்தில் கட்டிக்கொண்டு நில்லுங்கள். மேல் ஜோடித் துளைகளுக்கு நேராக இரண்டு மடல் ஓரங்களுக்கும் நடுவே எத்தனை மி.மீ இருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பிறகு மேலே உள்ள மூன்று ஜோடித் துளைகளிலிருந்தும் லேஸை உருவிவிட்டு, கையால் இழுக்காமல் காலை மெதுவாக நுழையுங்கள். குதி உள்ளே இறங்கும் அந்த நொடியில்தான் வாய் மிக அதிகமாக விரியும். அங்கேயே நிறுத்தி, கூட இருப்பவரை மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு, நிற்கும்போது 18 மி.மீ, நுழையும்போது 42 மி.மீ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 24 மி.மீ. உங்கள் ஷூவில் விரிய வேண்டிய அளவு அதுதான். இரண்டாம், மூன்றாம் ஜோடிகளிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கீழே போகப் போக வித்தியாசம் குறையும்: 20, 15 என்பதுபோல. இரண்டு கால்களையும் தனித்தனியே அளந்து, பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மேல் ஜோடியில் வித்தியாசம் 35 மி.மீ-க்கு மேல் வந்தால் எலாஸ்டிக்கை விட்டுவிடுங்கள். அந்தக் காலுக்கு உட்பக்கம் ஜிப் வைப்பதே சரி.

மூன்றாம் படி: எலாஸ்டிக் வாங்குவது

1839-ல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பக்குவப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தார். லண்டனில் ஜோசப் ஸ்பார்க்ஸ்-ஹால் பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த பூட்ஸுக்கு 1851-ல் காப்புரிமை வாங்கினார். அந்த எலாஸ்டிக் நமக்குக் கூப்பிடு தூரத்தில் கிடைக்கிறது: பனியன் ஊரான திருப்பூரில் ரோல் ரோலாக விற்கிறார்கள்.

ஆனால் இங்கேதான் ஏமாறுகிறோம். கைக்கு எளிதாகக் கிடைப்பது ஜட்டியின் இடுப்புக்கு வைக்கும் பின்னலாடை எலாஸ்டிக். உடம்பில் பதியக் கூடாது என்பதற்காகவே அதை மென்மையாகச் செய்கிறார்கள். ஷூவில் வைத்தால் சீக்கிரமே தொய்ந்துவிடும். ஜடைபோல முறுக்கிப் பின்னிய நாடாவும், நாக்கை மடலோடு கட்டிவைக்கும் பட்டைக்கு ஆகாது, இழுத்தால் அகலம் சுருங்கி விளிம்பு சுருண்டுகொள்ளும். கடையில் 'நெய்த எலாஸ்டிக்' என்று கேளுங்கள். இழுத்தாலும் அகலம் மாறாது, தொட்டால் பெல்ட் மாதிரி கெட்டியாக இருக்கும்.

ஒரு ஜோடி ஷூவுக்கு வேண்டியவை:

- நெய்த எலாஸ்டிக் பட்டை, 25 மி.மீ அகலம், அரை மீட்டர்
- எலாஸ்டிக் லேஸ், தட்டையாக 6 மி.மீ அல்லது உருண்டையாக 3 மி.மீ, ஒரு மீட்டர்
- அதே நிறத்தில் சாதா லேஸ் ஒரு ஜோடி
- கெட்டி நைலான் நூல், தோல் தைக்கும் ஊசி இரண்டு, குத்தூசி
- செருப்புக் கடையில் ஒட்டும் சொல்யூஷன், சின்ன டின்
- 15 மி.மீ அகலக் காட்டன் நாடா, 20 செ.மீ
- குதிக்குள் வைக்க 1.2 முதல் 1.5 மி.மீ கனமுள்ள கெட்டித் தோல், தேவைப்பட்டால் மட்டும்

எலாஸ்டிக் லேஸ் வாங்கும்போது கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். பேனாவால் 10 செ.மீ இடைவெளியில் இரண்டு புள்ளி வையுங்கள். முழு பலத்தில் இழுத்தால் குறைந்தது 20 செ.மீ வரை போக வேண்டும். பிறகு 16 செ.மீ-க்கு இழுத்து ஒரு நிமிஷம் பிடித்திருந்து விடுங்கள். 10.3 செ.மீ-க்குள் திரும்பி வந்தால் வாங்கலாம். அதற்கு மேல் நீண்டே கிடந்தால் அதை வைத்துவிட்டு வேறு கேளுங்கள்.

நான்காம் படி: நாக்கைக் கட்டிப்போடுவது

கால் நுழையும்போது நாக்கும் கூடவே உள்ளே சுருண்டு போவதுதான் அடிக்கடி வரும் தொல்லை. அதனால் லேஸுக்கு முன் நாக்கை ஒழுங்குபடுத்துங்கள்.

எலாஸ்டிக் பட்டையில் 50 மி.மீ நீளத்துக்கு நான்கு துண்டுகள் வெட்டுங்கள், ஷூவுக்கு இரண்டு. வெட்டிய விளிம்பை மெழுகுவர்த்திச் சுடரின் ஓரத்தில் லேசாகக் காட்டினால் பாலியஸ்டர் நூல் உருகிப் பிரியாமல் நிற்கும். கறுகவிட்டால் கெட்டியாகிக் காலைக் குத்தும்.

ஒவ்வொரு துண்டிலும் இரு முனைகளிலும் 10 மி.மீ தையலுக்குப் போகும், நடுவில் 30 மி.மீ இழுபட மிச்சம் இருக்கும். நம் எடுத்துக்காட்டில் ஒரு பக்கத்துக்கு 12 மி.மீ நீண்டால் போதும் என்பதால் பட்டை திணறாது. ஒரு முனையை நாக்கின் ஓரத்தில், மேலிருந்து இரண்டாம் ஜோடித் துளைக்கு நேராகத் தையுங்கள். மறு முனை மடலின் உட்பக்க லைனிங்கில் போய்ச் சேர வேண்டும். வெளியே புதிதாகத் துளை போடாமல் மடலில் ஏற்கெனவே இருக்கும் தையல் துளைகளிலேயே ஊசியை விடுங்கள். தோலில் பக்கத்தில் பக்கத்தில் புதுத் துளை போட்டால் தபால்தலை ஓரம்போல அந்தக் கோட்டிலேயே கிழியும்.

தையல் எலாஸ்டிக் இழுபடும் திசைக்குக் குறுக்கே மட்டுமே ஓட வேண்டும். நீளவாக்கில் தைத்தால் நூல் நீளாது, எலாஸ்டிக் நீளும். முதல் இழுப்பிலேயே நூல் அறுந்துவிடும்.

ஐந்தாம் படி: லேஸ் கோப்பது

ஐந்து ஜோடித் துளை உள்ள ஷூவில் கீழ் இரண்டு ஜோடிகளுக்குச் சாதா லேஸே போதும். அந்த இடம் விரியத் தேவையில்லை, முன்பாதத்தைப் பிடித்தால் சரி. 35 செ.மீ துண்டைக் கோத்து, இறுக்கி, முடிச்சை உள்பக்கம் நாக்கின் மேல் தட்டையாகக் கிடக்கும்படி போடுங்கள்.

மேல் மூன்று ஜோடிகளுக்கு எலாஸ்டிக் லேஸ். பலர் ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனித் துண்டு வைத்து முடிச்சிடுகிறார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும், ஆனால் மேல் துண்டு ஒன்றே 24 மி.மீ-யையும் நீண்டு கொடுக்க வேண்டியிருக்கும். துளைக்குத் துளை 38 மி.மீ-தான் இருக்கும் இடத்தில் அது அறுபது விழுக்காட்டுக்கு மேல். அதனால் மேல் துண்டு சீக்கிரம் தொய்ந்துவிடும், கீழ்த் துண்டு சும்மா கிடக்கும். ஒரே லேஸைக் குறுக்கும் மறுக்குமாகத் தொடர்ச்சியாகக் கோத்தால், மேலே தேவைப்படும் நீளத்தைக் கீழிருந்து வழுக்கி வாங்கிக்கொள்ளும். மொத்தத்தில் சுமார் 45 விழுக்காடுதான் நீளும். அப்படி வழுக்க வேண்டுமென்றால் துளைகளில் உலோக வளையம் இருக்க வேண்டும். வெறும் துணித் துளையாக இருந்தால் ஷூ தைப்பவரிடம் கொடுத்து வளையம் அடித்துக்கொள்ளுங்கள்.

நீளத்தைக் கணக்கிடுவது இப்படி: சரியான இறுக்கத்தில் இருக்கும் சாதா லேஸை அந்த மூன்று ஜோடிகளில் கோத்து, போகும் பாதையை மட்டும் அளந்துகொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் சுமார் 202 மி.மீ வரும். அதை 1.1-ஆல் வகுங்கள். 184 மி.மீ. நடக்கும்போது எலாஸ்டிக் எப்போதும் லேசான இழுப்பில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த வகுத்தல். முடிச்சுக்கு இருபுறமும் 60 மி.மீ சேர்த்து, ஷூ ஒன்றுக்கு 31 செ.மீ வெட்டுங்கள். 184 மி.மீ எல்லையை இருபுறமும் பேனாவால் குறித்துவிட்டுக் கோத்து, குறி மேல் துளைக்கு வந்ததும் உள்பக்கம் முடிச்சிடுங்கள். ஒரு நாள் நடந்து பார்த்த பிறகே மீதி வாலை நறுக்குங்கள்.

பள்ளிக்கூடத்தில் முடிச்சு தெரிய வேண்டுமென்றால் சாதா லேஸில் ஒரு பூமுடிச்சு போட்டு, ஒரு பக்க மடலில் மட்டும் தைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் தைத்தால் வாய் திறக்காது.

ஆறாம் படி: குதிப்பக்கம்

முன்பக்கம் எவ்வளவு விரிந்தாலும் குதிச்சுவர் மடங்கினால் எல்லாம் வீண். கட்டைவிரலால் குதியின் மேல் விளிம்பை நேராகக் கீழே அழுத்துங்கள். ஒரு செ.மீ-க்கு மேல் மடங்கினால் உள்ளே கெட்டி வைக்க வேண்டும்.

பின்பக்க லைனிங்கின் மேல் தையலை 8 செ.மீ அளவுக்குப் பிரியுங்கள். கெட்டித் தோலை 16 செ.மீ நீளம், 45 மி.மீ உயரத்துக்கு வெட்டி, நான்கு ஓரங்களையும் காகிதம்போல மெலியச் சீவுங்கள். சீவாத ஓரம் ஒரே நாளில் கொப்புளம் போடும். இரண்டு பரப்பிலும் சொல்யூஷன் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பத்து நிமிஷம் காயவிட்டு, லாடமாக வளைத்து உள்ளே செருகி அழுத்துங்கள். அதன் மேல் ஓரம் ஷூ விளிம்புக்கு 8 முதல் 10 மி.மீ கீழேயே நிற்க வேண்டும். விளிம்பு வரை ஏறினால் குதிநரம்பை அறுக்கும்.

தையலை மூடும் முன், காட்டன் நாடாவில் 8 செ.மீ வெட்டி இரண்டாக மடித்து நடுவில் செருகித் தைத்துவிடுங்கள். ஒரு விரல் நுழையும் அளவுக்கு வளையம் வெளியே நின்றால் போதும்.

முன்பக்கத்தைத் தொடாமல் குதியையே திறக்க வைக்கும் வழியும் உண்டு. நைக்கி 2015-ல் கொண்டுவந்த ஃப்ளைஈஸ் ஷூவில் ஜிப் குதியைச் சுற்றி ஓடியது. முதல்முறை செய்பவர்கள் அதில் இறங்க வேண்டாம், குதியின் வடிவம் கெட்டால் மீட்பது கடினம்.

போட்டுப் பார்க்கும்போது

நுனிவிரல்களை முதலில் விட்டு, குதியைச் சுவரோடு ஒட்டிக் கீழே இறக்குங்கள். பத்து அடி நடந்து, குதி ஷூவை விட்டு எவ்வளவு மேலே எழும்புகிறது என்று பாருங்கள். 5, 6 மி.மீ வரை இருக்கலாம். அதற்கு மேல் எழும்பினால் லேஸை 5 மி.மீ இறுக்குங்கள். அப்போதும் நிற்காவிட்டால் ஷூதான் பெரிது, குதியில் மெல்லிய பஞ்சு அட்டை ஒட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரம் போட்டிருந்து கழற்றி, பாதத்தின் மேல்புறத்தைப் பாருங்கள். சிவந்த தடம் கால்மணி நேரத்தில் மறையாவிட்டால் லேஸைத் தளர்த்த வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இறுக்கம் உறைக்காது. வீட்டில் இருப்பவர்கள்தான் அந்தத் தடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ரப்பருக்குச் சூடும் எண்ணெயும் ஆகாது. மத்தியான வெயில் விழும் வாசல்படியில் ஷூவை விடாமல் நிழலில் வையுங்கள். கறை போக்க மண்ணெண்ணெய் தொடவே கூடாது. பாலிஷ் போடும்போது லேஸை உருவிவிட்டுப் போடுங்கள். துவைத்தால் பச்சைத் தண்ணீரில் துவைத்து நிழலில் காயவையுங்கள். லேஸில் மெல்லிய ரப்பர் இழைகள் வெளியே நீட்டத் தொடங்கினால் அடுத்த வாரமே புது லேஸ் மாற்றிவிடுங்கள். அதற்காக ஷூவை மறுபடி அளக்க வேண்டியதில்லை. பழைய லேஸ் தொய்ந்திருக்கும் என்பதால், அதன் நீளத்தை அப்படியே எடுக்காமல் முதலில் கணக்கிட்ட நீளத்தையே (நம் எடுத்துக்காட்டில் 184 மி.மீ) எடுத்துக்கொள்ளுங்கள்.